நடுவிரலுக்கு ஏழு, மோதிர விரலுக்கு ஐந்து

பிளாக் சாபத் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. குழுவுக்கும் அந்தப் பெயர்தான், தட்டுக்கும் அந்தப் பெயர்தான், தட்டின் முதல் பாட்டுக்கும் அந்தப் பெயர்தான். அரை நூற்றாண்டு தாண்டியும் அதைக் கொண்டாடுகிற கூட்டம் உலகம் பூராவும் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தன். கொண்டாட்டத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கொண்டாடும்போது ரசிகர்கள் வாயில் வந்து விழுகிற ஒரு கதை உண்டு. அந்தக் கதையோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அதைப் பேசிவிடத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆட்கள் யார் என்று பார்த்துவிடுவோம். நாலு பேரும் பர்மிங்காம் நகரத்து ஆஸ்டன் பகுதிப் பையன்கள். 1948, 1949 ஆண்டுகளில் பிறந்தவர்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து இடிந்து கிடந்த மனைகளில் விளையாடி வளர்ந்தவர்கள். திரும்பிய பக்கமெல்லாம் தொழிற்சாலை. பாடகர் ஓஸி ஆஸ்போர்னின் அப்பா ராத்திரி ஷிப்டில் கருவிகள் செய்த தொழிலாளி. அம்மாவும் தொழிற்சாலைக்குப் போனவர்தான். ஓஸி பதினைந்து வயசில் பள்ளிக்கூடத்தை விட்டார். மாடு அறுக்கிற கூடத்தில் வேலை செய்தார். கார் ஹாரன்களைச் சோதித்துச் சரிபார்க்கிற வேலை செய்தார். ஒரு திருட்டு வழக்கில் அபராதம் கட்டக் காசில்லாமல் ஆறு வாரம் ஜெயிலில் இருந்தார். பேஸ் கிதார் வாசித்த கீஸர் பட்லர், டப்ளினிலிருந்து பிழைக்க வந்த ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. டிரம்ஸ் அடித்தவர் பில் வார்டு. கிதார் வாசித்த டோனி அயோமி, இரும்புத் தகடு வேலை நடக்கிற தொழிற்சாலையில் வெல்டிங் செய்தவர்.

இவர்கள் கழுத்தில் தொங்கிய சிலுவைகளைப் பார்த்துவிட்டு, பிசாசுக் கூட்டம் என்று பத்திரிகைகள் கதை கட்டின. அந்தச் சிலுவைகளை முதலில் செய்து கொடுத்தவர் ஓஸியின் அப்பா. உலோகத்தை வெட்டி, ராவி, தன் கையால் செய்து கொடுத்தார். கருவி செய்கிற தகப்பன் மகனுக்குக் கொடுத்த காப்பு அது. முதல் பாட்டையும் கவனித்துக் கேளுங்கள். அதில் வருகிறவன் சாத்தானைக் கும்பிடவில்லை. கறுத்த உருவம் ஒன்று முன்னால் வந்து நிற்க, ஓட வழி தெரியாமல் நடுங்குகிறான், கடவுளைக் கூப்பிடுகிறான். பயந்தவனின் பாட்டைப் பயமுறுத்துகிறவனின் பாட்டாக மாற்றிச் சொன்னார்கள்.

தட்டு எப்படி உண்டானது என்பது ரசிகர்களுக்கு மனப்பாடம். 1969 அக்டோபர் 16. லண்டனில் ரீஜென்ட் சவுண்ட் என்ற ஒலிப்பதிவுக் கூடம். தயாரிப்பாளர் ராட்ஜர் பெயின். ஒரே நாள். மேடையில் வாசிப்பது போலவே நாலு பேரும் ஒரே நேரத்தில் வாசித்தார்கள். ஓஸியை மட்டும் தனித் தடுப்புக்குள் நிறுத்திப் பாடவைத்தார்கள். இரண்டாம் முறை வாசித்துத் திருத்துவதற்கு நேரமில்லை. பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே அயோமியின் கிதாரில் ஒலிவாங்கும் பாகம் கெட்டுப்போய், அவர் வேறு கிதாரை எடுத்துக்கொண்டார். வேலை முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர்க் கச்சேரிக்குக் கிளம்பிவிட்டார்கள். தொடக்கத்தில் வருகிற மழையும் இடியும் தூரத்து மணியும் பிறகு சேர்க்கப்பட்டவை. ஷிப்டுக்கு வந்தார்கள், வேலையை முடித்தார்கள், போனார்கள். எனக்கு இந்தத் தட்டின் மேல் பிரியம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் பாட்டு மூன்று சுரத்தில் நிற்கிறது. கீழே ஒரு ‘ச’, மேலே ஒரு ‘ச’, பிறகு இரண்டுக்கும் சரி நடுவில் ஒரு சுரம். நம்ம கணக்கில் அது பிரதி மத்திமம். ஐரோப்பியர்கள் பழைய காலத்தில் அந்த இடைவெளிக்கு இசையிலுள்ள பிசாசு என்று பெயர் வைத்திருந்தார்கள். நம்ம 72 மேளகர்த்தாவில் 36-இல் அது இருக்கிறது. கல்யாண வீட்டு நாகஸ்வரத்தில் கல்யாணி வாசித்தால் அந்தச் சுரம் வந்துதான் போகும், ஒருத்தரும் பயந்து எழுந்து ஓடுவதில்லை. ஆக, பிசாசு சுரத்தில் இல்லை. அதை இவர்கள் வைத்த விதத்தில் இருக்கிறது. பாரம் தூக்குகிறவன் நடையில், அத்தனை மெதுவாக, போய் அங்கேயே நின்று, அது அதிர்ந்து அடங்குகிற வரைக்கும் காத்திருக்கிறார்கள். பில் வார்டு ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். கனமான இடத்திலும் அவர் கை துள்ளுகிறது. பட்லர் கிதாரிலிருந்து பேஸுக்கு மாறியவர். அயோமி போகிற வழியிலேயே கூடப் போகிறார், திடீரென்று பிரிந்து வேறு பக்கம் போகிறார். ‘தி விஸார்ட்’ பாட்டில் ஓஸி ஊதுகிற மவுத் ஆர்கனில், அமெரிக்கக் கறுப்பு மக்களின் புளூஸ் நேராக வந்து உட்காருகிறது. இந்த நாலு பேரும் ஆரம்பத்தில் புளூஸ் குழுவாக இருந்தவர்கள்தான். யாரிடமிருந்து வாங்கினோம் என்பதைத் தட்டு மறைக்கவில்லை.

ரசிகர்களுக்குள் சண்டைக்கும் குறைவில்லை. கடைசியில் வருகிற ‘வார்னிங்’ பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது, அதில் கிதார் தனியாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வெட்டியிருக்கலாம் என்று ஒரு கட்சி. அந்த அலைச்சல்தான் தட்டின் உயிர் என்று இன்னொரு கட்சி. இங்கிலாந்துப் பதிப்பில் ‘ஈவில் வுமன்’ என்று பிறர் பாட்டு ஒன்று இருக்கும். அமெரிக்கப் பதிப்பில் அதை எடுத்துவிட்டு இவர்களுடைய சொந்தப் பாட்டான ‘விக்கெட் வேர்ல்டு’ போட்டார்கள். எது உண்மையான தட்டு என்று வயசானவர்கள்கூட மல்லுக்கு நிற்பார்கள். நான் அமெரிக்கப் பதிப்புக் கட்சி. போர், நோய், வேலைக்குப் போகிற தாய் எல்லாம் வருகிற பாட்டு அது. அதை விட்டுவிட்டு எப்படி?

வந்த புதிதில் படித்த விமர்சகர்கள் இந்தத் தட்டைக் கிழித்துப் போட்டார்கள். ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் லெஸ்டர் பேங்ஸ் எழுதியது பிரசித்தம். கிரீம் என்ற குழுவின் மோசமான நகல் என்பது அவர் தீர்ப்பு. அதே பேங்ஸ் 1972-இல் இவர்களைப் பொருட்படுத்தி நீளமாக எழுதினார் என்பது வேறு கதை. சனங்கள் அந்தத் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் எட்டாம் இடம். அமெரிக்காவில் 23-ஆம் இடம் வரை போய், ஒரு வருஷத்துக்கு மேல் பட்டியலில் இருந்தது. ‘இது இசை இல்லை, இரைச்சல்’ என்று ஒருத்தர் சொல்லும்போது, அவர் காது எந்த அறையில் வளர்ந்தது என்று நான் முதலில் பார்ப்பேன். பிரஸ் ஓடுகிற ஷெட்டில் எட்டு மணி நேரம் நின்றவனுக்கு இரைச்சல் என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவனுக்கு இரைச்சலுக்குள் தாளம் கேட்கும். தாளம் தவறினால், டை உடையப்போகிறது என்று உடம்புக்கு முதலில் தெரியும்.

நான் அப்படி நின்றவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாலு வருஷம், சென்னைக்கு மேற்கே ஒரு தொழிற்பேட்டையில், தகடு வெட்டித் துளை போடுகிற பட்டறையில் ஹெல்ப்பர். பர்மா பஜாரில் ஒரு அறுபது நிமிஷக் கேசட்டில் பதிந்து வாங்கிய தட்டு இது. உறையில் பால்பாயின்ட் பேனாவில் பெயர் எழுதியிருந்தது, அவ்வளவுதான். பழைய தண்ணீர் ஆலை, அதன் முன்னால் கறுப்பு உடுப்பில் ஒரு பெண் நிற்கிற அந்தப் பிரசித்தமான அட்டைப்படத்தை நான் பார்த்தது பல வருஷம் கழித்து. பாட்டில் பாதி இங்கிலீஷ் எனக்குப் புரியவில்லை. கிதார் புரிந்தது.

ஷிப்டில் எனக்கு மூத்தவர் ஒரு அண்ணன். பவர் பிரஸ் ஓட்டுகிறவர். நாங்கள் நாலு பேர் சேர்ந்து எடுத்திருந்த அறையில் அவரும் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தக் கேசட்டைப் போட்டேன். மழை பெய்தது, மணி அடித்தது, பிறகு அந்த மூன்று சுரம். அண்ணன் பீடியைக் கையில் வைத்துக்கொண்டு பற்றவைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னாடா தம்பி இது, பெரிய பிரஸ்ஸு எறங்கற மாறியே கீது.”

“நல்லாருக்காண்ணே?”

“நல்லாருக்கா இல்லையான்னு தெரியல. நம்ம ஊட்டு சத்தம்டா இது.”

அண்ணனுக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிதான் இருக்கும். நான் வேலைக்குச் சேர்வதற்கு ரெண்டு வருஷம் முந்தி போனது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும் என்று அதில் ஒரு ஏற்பாடு இருந்தது. பீஸ் கணக்கு குறைகிறது என்று அதைக் கழற்றிவிட்டு, கால் பெடல் வைத்திருந்தார்கள். கால் அவசரப்பட்டது, கை உள்ளே இருந்தது. இவ்வளவுதான் அவர் சொல்வார். அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

இனி, நான் வழக்குப் போடுகிற கதைக்கு வருகிறேன். 1965. அயோமிக்குப் பதினேழு வயசு. இசைக்குழுவோடு வெளிநாடு போகப்போகிறார், தொழிற்சாலையில் அன்று கடைசி நாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக வேண்டாம் என்று நினைத்தார். ஒழுங்காக வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பினார். தகடு வெட்டுகிற இயந்திரத்தில் வழக்கமாக நிற்கிற ஆள் அன்று வரவில்லை. வெல்டிங் செய்கிற பையனை அதில் நிறுத்தினார்கள். இயந்திரம் இறங்கி வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியையும் எடுத்துவிட்டது. அவர் இடதுகைக்காரர். கிதார் தந்தியை அழுத்த வேண்டிய கை அந்த வலது கை. வாசிப்பதை மறந்துவிடு என்று மருத்துவர்கள் சொன்னார்கள். வீட்டில் முடங்கிக் கிடந்தவரைப் பார்க்க ஃபோர்மேன் வந்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைப் போட்டுக் கேட்கவைத்தார். ஜாங்கோ, நாடோடி ரோமா சமூகத்தவர். 1928-இல் கூண்டு வண்டி தீப்பிடித்ததில் இடது கையின் இரண்டு விரல் முடங்கிப்போய், மிச்ச விரல்களால் வாசித்து ஐரோப்பாவை மயக்கியவர். அதைக் கேட்டு அயோமி எழுந்தார். பாத்திரம் கழுவுகிற சோப்புத் திரவத்தின் பிளாஸ்டிக் குப்பியை உருக்கி விரல் நுனிக்குத் தொப்பி செய்தார். பழைய தோல் சட்டையிலிருந்து தோலை வெட்டி மேலே ஒட்டினார். கிதார் தந்தி அழுத்தக் கடினமாக இருந்ததால், மெல்லிசான பாஞ்சோ தந்தியை எடுத்து மாட்டிப் பார்த்தார்.

இது வரைக்கும் கதை அயோமியே சொன்னது, வணங்கத் தக்கது. இதற்கு மேல் ரசிகர்கள் ஒரு வாலை ஒட்டுகிறார்கள். ‘அந்த இயந்திரம் மட்டும் அன்று இறங்காமல் இருந்திருந்தால் ஹெவி மெட்டல் என்ற இசையே பிறந்திருக்காது, அந்த விபத்துக்கு நன்றி’ என்று எழுதுகிறார்கள். விரல் போனதால் தந்தியைத் தளர்த்தினார், தளர்த்தியதால் ஒலி கனத்தது, கனத்ததால் புது இசை பிறந்தது என்று சங்கிலி போடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்த முதல் தட்டில் தந்தி தளர்த்தப்படவில்லை. எல்லோரும் வைக்கிற வழக்கமான சுருதிதான். தந்தியை மூன்று படி இறக்கியது மூன்றாவது தட்டில், 1971-இல். முதல் தட்டின் கனம் வேறெங்கிருந்தோ வந்தது. எந்தச் சுரத்தில் நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, எப்போது விடுவது என்று நாலு பையன்கள் சேர்ந்து முடிவுசெய்த இடத்திலிருந்து வந்தது. அதைப் போய் ஒரு தகடு வெட்டுகிற இயந்திரத்தின் கணக்கில் வரவு வைக்கிறார்கள்.

இந்தக் கதையை நான் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். வாலையும் சேர்த்துத்தான் சொன்னேன், எழுதியிருந்தது அப்படித்தான். முழுசும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி.

“அந்தாளுக்கு எவ்ளோ துட்டு குட்த்தாங்களாம்?”

நான் படித்த எந்த ரசிகர் கட்டுரையிலும் இந்தக் கேள்வி இல்லை. அண்ணனுக்கு அது முதல் கேள்வியாக வந்தது. ஏனென்றால் அவர் விரலுக்கு ஒரு அட்டவணை இருந்தது. தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், 1923. நாங்கள் வேலை பார்த்த காலத்தில் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கிற சக்தியில் நூற்றுக்கு எத்தனை போச்சு என்று வரிசையாக இருக்கும். ஆள்காட்டி விரல் முழுசும் போனால் 14. நடுவிரல் முழுசும் என்றால் 12, இரண்டு கணு என்றால் 9, ஒரு கணு என்றால் 7. மோதிர விரலோ சுண்டு விரலோ ஒரு கணு என்றால் 5. எலும்பு போகாமல் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் அதற்குத் தனியாக ஒரு வரி, நடுவிரலுக்கு 4, மோதிர விரலுக்கு 2. அந்த வெட்டுக்குச் சட்டமே வைத்திருக்கிற பெயர் கில்லட்டின் வெட்டு. அயோமியின் இரண்டு விரலில் ஒவ்வொரு கணு என்று வைத்துக்கொண்டால், நம்ம சட்டப்படி ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. உலகத்துக் கிதார்க்காரர்கள் பாதிப் பேர் நகலெடுக்கிற அந்தக் கையின் நஷ்டம், நூற்றுக்குப் பன்னிரண்டு.

சட்டத்தை நான் கேலி செய்யவில்லை. அந்த அட்டவணைகூட இல்லாமல் விரலைத் துணியில் சுற்றிக்கொண்டு ஊருக்குப் போனவர்கள் உண்டு. அதில் ஒரு எண் இருந்ததால்தான் அண்ணன் கையில் கொஞ்சமாவது வந்தது. நான் சொல்ல வருவது வேறு. சட்டம் விரலை நஷ்டக் கணக்கில் எழுதுகிறது. ரசிகர்கள் அதே விரலை லாபக் கணக்கில் எழுதுகிறார்கள். இரண்டு பேரேட்டிலும் அந்தக் கைக்குச் சொந்தக்காரனுக்குப் பேச இடமில்லை. பட்டனைக் கழற்றியவர் யார், பழகாத ஆளை இயந்திரத்தில் நிறுத்தியவர் யார் என்ற கேள்விக்கும் இடமில்லை. வெட்டுப்பட்டவன் தன் பாட்டுக்கு எழுந்து நின்று எதையாவது சாதித்துவிட்டால், வெட்டியதும் புண்ணியம் ஆகிவிடுகிறது. அடியை வரமாக்கிச் சொல்கிற இந்தப் பேச்சு எங்கே கேட்டாலும் எனக்குக் காது கூசும். அடித்தவனுக்கு இதைவிட வசதியான பேச்சு கிடையாது.

பர்மிங்காமுக்கும் நம்ம தொழிற்பேட்டைக்கும் நடுவில் சமன்குறி போட எனக்கு ஆசையில்லை. அவர்கள் வெள்ளைக்காரத் தொழிலாளிகள். காலனிகளை ஆண்டு கொழுத்த நாட்டில் ஏழைகளாக இருந்தவர்கள். 1948 முதல் அங்கே இலவச தேசிய மருத்துவச் சேவை இருந்தது. தவணையிலாவது கிதார் வாங்க முடிந்தது. அண்ணனுக்குக் கிதார் இல்லை. அவருக்கு நன்றாகப் பாட வரும். இரண்டு விரல் போனதால் எந்தப் புது இசையும் அவரிடமிருந்து பிறக்கவில்லை. சட்டைப் பொத்தான் போட நேரமானது, அவ்வளவுதான். இயந்திரத்துக்கு இசை கொடுக்கிற குணம் இருந்தால் எங்கள் பேட்டையில் தெருவுக்கு ஒரு அயோமி இருந்திருக்க வேண்டும்.

அயோமியை எழுப்பியது என்ன என்று அவர் கதையையே மறுபடி படித்துப் பாருங்கள். ஒரு ஃபோர்மேன், லீவில் கிடக்கிற பையனைத் தேடி ஒரு இசைத்தட்டோடு வந்தார். ஜாங்கோ என்ற இன்னொரு காயம்பட்ட கை, பல வருஷம் முந்தி வாசித்து வைத்திருந்தது. வெல்டிங் தெரிந்த பையனுக்கு உருக்கவும் ஒட்டவும் ராவவும் தெரிந்திருந்தது. எந்தத் தொழிற்சாலை விரலை எடுத்ததோ, அங்கே கற்ற கைவேலையை வைத்தே விரலைத் திரும்பச் செய்துகொண்டார். நன்றி சொல்வதென்றால் இந்த வரிசையில் ஒவ்வொருத்தருக்கும் சொல்லலாம்.

இப்போது அந்த ஊர் இவர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. 2019-இல் கால்வாய்ப் பாலம் ஒன்றுக்கு இவர்கள் பெயரை வைத்தார்கள். 2023-இல் பர்மிங்காம் ராயல் பாலே இவர்கள் பாட்டுக்கு நடனம் அமைத்து மேடையேற்றியது. இரைச்சல் என்று ஒதுக்கப்பட்டது, பட்டுத் திரைக்குப் பின்னால் போய்ச் சேர ஐம்பத்து மூன்று வருஷம் ஆனது. 2025 ஜூலை 5 அன்று, இவர்கள் வளர்ந்த ஆஸ்டனிலேயே இருக்கிற வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில் கடைசிக் கச்சேரி. 2005-க்குப் பிறகு பழைய நாலு பேரும் ஒன்றாக மேடையில் நின்றது அன்றைக்குத்தான். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத ஓஸி சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். பதினேழு நாள் கழித்து, ஜூலை 22-இல் இறந்துபோனார். தெருவெல்லாம் சனம் நின்று அவரை அனுப்பிவைத்தது.

அன்று அவர்கள் வாசித்த நாலு பாட்டில் ஒன்று, முதல் தட்டிலுள்ள ‘என்.ஐ.பி.’ பட்லரின் பேஸ் முதலில் தனியாக வந்து, பிறகு கிதார் இறங்குகிற பாட்டு. அயோமிக்கு வயசு 77. விரல் நுனியில் அதே தொப்பிகள். அறுபது வருஷமாக அவர் ஒவ்வொரு தடவையும் அவற்றை மாட்டிக்கொண்டுதான் வாசிக்க வேண்டியிருக்கிறது. கூட்டத்துக்கு அந்தப் பாட்டின் ஒவ்வொரு அசைவும் தெரிந்திருந்தது. அந்தக் கூட்டத்தை எனக்குப் பிடிக்கும். அதனால்தான் அவர்களிடம் இதைக் கேட்கிறேன்.

தட்டைப் போடுங்கள். சத்தத்தைக் கூட்டி வையுங்கள். ‘வார்னிங்’ நீளமா இல்லையா என்று ராத்திரி பூரா சண்டை போடுங்கள். ஆனால் யாராவது எழுந்து அந்த இயந்திரத்துக்கு நன்றி சொன்னால், எங்க அண்ணன் கேட்டதை அவரிடம் கேளுங்கள்: விரலுக்கு எவ்ளோ குடுத்தாங்க?